ஆராய்ச்சி மணியின் கயிறு: எண்ணூர்ச் செய்திகளும் நாடாளுமன்றக் கேள்விகளும்

1

நாடாளுமன்றக் கேள்விப் பட்டியல்களைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கதை, கவிதையைப் போல அவற்றையும் பிரதிகளாக வாசிக்கலாம் என்பது என் கட்சி. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சூத்திரம் இருக்கிறது. இன்ன விஷயம் பற்றிப் பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி அரசின் கவனத்துக்கு வந்ததா? வந்ததெனில் அதன் விவரம் என்ன? அதன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? பதில்களுக்கும் சூத்திரம் உண்டு. தகவல் திரட்டப்பட்டு வருகிறது. அவையின் மேசை மீது வைக்கப்படும். அல்லது, இது மாநில அரசின் பொறுப்பு. அல்லது, சம்பந்தப்பட்ட நிறுவனம் விதிமுறைகளைப் பின்பற்றி வருகிறது.

இந்த மாதிரிப் பதில் ஒன்றை எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் தமிழில் சொல்லிக் காட்டினேன். மீன் விற்கிற ஒரு அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார். இதுல எங்க ஆறு எங்க கீது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவர் கேட்டதற்குச் சொல்லிப் பார்க்கிற பதில்தான்.

அவர் சொன்னது சரி. அந்தச் சூத்திரத்தில் ஆறு இல்லை. 'செய்தி' இருக்கிறது, 'கவனம்' இருக்கிறது. ஒரு பொதுத்துறை நிறுவனம் ஆற்றைக் கெடுத்ததா என்பதல்ல கேள்வி. கெடுத்ததாகப் பேப்பரில் வந்தது உங்களுக்குத் தெரியுமா என்பதே கேள்வி. 'தெரியும்' என்று சொன்னவுடன் பாதிக் கேள்வி முடிந்துபோகிறது.

நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. பத்திரிகை எழுதினால் நாடாளுமன்றம் விழிக்கும். அது விழித்தால் துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் மின்நிலையமும் பதில் சொல்லியாக வேண்டும். துண்டறிக்கை போடுகிறோம், நிருபர்களைப் படகில் ஏற்றிக் கூட்டிப் போகிறோம், மறுநாள் படம் வந்தால் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது பாதி உண்மை. மீதிப் பாதி நமக்குக் கேடு செய்கிறது என்பது என் வாதம். நாடாளுமன்றம் எதைப் பார்க்கிறது என்பதை மட்டுமல்ல, எந்த வடிவத்தில், எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதையும் செய்தியே தீர்மானித்துவிடுகிறது. அந்த வடிவத்துக்குள் அடங்காத குற்றங்கள் கண்காணிப்புக்கு வெளியே பத்திரமாக இருக்கின்றன.

2

1984இல் அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் மெக்கபின்ஸும் ஷ்வார்ட்ஸும் சட்டமன்றக் கண்காணிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றுவரை அதை ஒட்டியும் வெட்டியும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கண்காணிப்பு இரண்டு வகை என்றார்கள். ஒன்று போலீஸ் ரோந்து: குற்றம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சுற்றி வந்து பார்ப்பது. மற்றது தீ எச்சரிக்கை மணி: பாதிக்கப்பட்டவர் மணியடித்தால் மட்டும் ஓடி வருவது. உறுப்பினர்களுக்கு இரண்டாவதுதான் லாபம். நேரம் மிச்சம், அணைத்தோம் என்ற பெயரும் கிடைக்கும். ஆகவே நாடாளுமன்றம் தூங்குகிறது என்று சொல்ல முடியாது, அது மணிக்காகக் காத்திருக்கிறது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

இதைப் படித்ததும் நமக்கு மனுநீதிச் சோழன் நினைவு வராமல் இராது. அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், பசுவும் அடிக்கலாம். நீதியின் உச்சம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். ஆனால் கன்று செத்த பிறகுதான் பசு மணியை அடித்தது. தேர் ஓடும் தெருவை அதற்கு முன் யாரும் போய்ப் பார்க்கவில்லை. மணியை நம்பும் எந்த ஆட்சியிலும் முதலில் ஒரு கன்று செத்தாக வேண்டும்.

அடுத்த கேள்வி, கயிறு யார் கைக்கு எட்டும் என்பது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிவெளியிலும் சாம்பல் படிவதை எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். ஜனவரி 2017இல் டி.எம். கிருஷ்ணா சென்னை புறம்போக்கு பற்றிய பாடலை அந்த நிலத்தில் நின்று பாடினார். அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று கமல்ஹாசன் வந்து பார்த்தார். கேமராக்கள் வந்தன, தலைப்புச் செய்தியானது. இருவர் மீதும் எனக்கு வருத்தம் இல்லை, வந்தது நல்லதுதான். ஆனால் அந்த மணிக்கயிறு மீனவர் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது என்பதையும் அந்த வருகைகள் காட்டிக்கொடுத்தன. அவர்கள் அடித்தபோது கேட்காத சத்தம் பிரபலமான கை பட்டதும் கேட்டது. அன்றைக்கும் செய்தியாக வந்தது 'சாம்பல்' அல்ல, 'கமல்'.

3

2017 ஜனவரி 28 அதிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெயால் சுற்றுச்சூழலுக்குச் சேதம் ஏதுமில்லை என்ற பொருளில் துறைமுகத்தின் முதல் அறிக்கை வந்தது. எண்ணெய் அந்த அறிக்கையைப் படித்திருக்கவில்லை. எர்ணாவூர் கரையில் கறுப்பாக ஒதுங்கியது. பிறகு தெற்கே மெரினா வரை போனது.

அதற்குப் பிறகு வந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாணவர்கள், மீனவர்கள், கடலோரக் காவல்படையினர், மாநகராட்சித் தொழிலாளர்கள் பிளாஸ்டிக் வாளியில் எண்ணெயை அள்ளுகிறார்கள். வாளி ஒரு குறியீடாகவே ஆனது. வல்லரசுக் கனவு காணும் தேசம் வாளியோடு நிற்கிறது என்று தொலைக்காட்சி கிண்டல் செய்தது. நாமும் சிரித்தோம்.

இந்த வாளியை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். வாளி எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: நல்ல கருவி ஏன் இல்லை? அதற்குப் பதில் சுலபம், கருவி வாங்குவோம். வாளியால் எழுப்ப முடியாத கேள்விகள் வேறு. எண்ணெய் இல்லை என்று அறிக்கை எழுதியது யார், எதைப் பார்த்து எழுதினார்? கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்ற தேசியத் திட்டம் 1996இலேயே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் துறைமுகத்தில் எத்தனை ஒத்திகை நடந்தது? அந்தத் துறைமுகம் நம் நாட்டுப் பெருந்துறைமுகங்களில் முதன்முதலாக ஒரு கம்பெனியாக, 1999இல், பதிவு செய்யப்பட்டது. பெயர் 2014இல் மாறியது. டிரஸ்ட் என்ற வடிவத்திலிருந்து கம்பெனி என்ற வடிவத்துக்குப் போகும்போது மக்களுக்குப் பதில் சொல்லும் கடமை என்ன ஆனது? இவை எதையும் படமெடுக்க முடியாது. படமெடுக்க முடியாதது அன்றைக்குச் செய்தி ஆகவில்லை.

காலத்தைப் பொறுத்தவரை அது அபூர்வமான சந்தர்ப்பம். நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி 31 அன்று தொடங்கியது. கரையில் எண்ணெய் இன்னும் காயவில்லை. ஆனால் பிப்ரவரி 7 இரவு ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் போய் உட்கார்ந்தார். எர்ணாவூரில் நின்ற கேமரா வண்டிகள் அதே கடற்கரை வழியே தெற்கே போய்விட்டன. பிப்ரவரி 9 அன்று கூட்டத்தொடரின் முதல் பகுதி முடிந்தது. யாரும் எதுவும் பேசவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பொது நிறுவனத்தைத் தொடர்ந்து துருவிக் கேட்பதற்கான வெளியழுத்தம் பத்தே நாளில் காணாமல் போனது என்கிறேன். நிருபர்களைத் திட்டிப் பயனில்லை. 'செய்தி' என்ற பண்டத்தின் ஆயுள் அவ்வளவுதான். அந்த ஆயுளோடு கண்காணிப்பையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோமே, அதுதான் கோளாறு.

4

இரண்டாவது சம்பவம் இன்னும் கறாரானது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. மணலியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய்க்குள் இறங்கி, கொசஸ்தலை வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டம் வரை எண்ணெய்க் கோடு. வலை, படகு, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. சென்னை பெட்ரோலியம் கழகம் தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலை வளாகத்திலிருந்துதான் எண்ணெய் வந்தது என்றது. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கிய அந்த நிறுவனம் இன்று இந்தியன் ஆயில் கழகத்தின் துணை நிறுவனம். அதாவது முழுக்கவும் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட இனம்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். மக்களவையில் ஒரு கேள்வி கேட்க 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்கு மேல் குலுக்கல் உண்டு. நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20தான். குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது டிசம்பர் 4. எண்ணெயைக் கண்ட மறுநாளே, டிசம்பர் 5 அன்றே, ஒரு உறுப்பினர் கேள்வி எழுதிக் கொடுத்திருந்தாலும் பதில் வரக்கூடிய முதல் நாள் டிசம்பர் 21. அன்றைக்கே கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. புயல் எண்ணெயைச் சாதாரணக் கேள்வி நேரத்தில் விசாரிக்க நடைமுறையில் வழியே இல்லை என்று அர்த்தம். மிச்சமிருந்தவை அவசர வாசல்கள்: பூஜ்ய நேரம், கவன ஈர்ப்பு, 377ஆம் விதி. இவற்றுக்கு உறுப்பினர் அவைக்குள் இருக்க வேண்டும்.

டிசம்பர் 13 அன்று இரண்டு இளைஞர்கள் பார்வையாளர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்துக் கலர்ப் புகை விட்டார்கள். உள்துறை அமைச்சர் அவையில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்டவர்கள் கூட்டம் கூட்டமாக சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். கடைசிக் கணக்கில் இரு அவைகளிலும் 146 பேர். டிசம்பர் 18 அன்று மக்களவையிலிருந்து வெளியேற்றப்பட்ட 33 பேரில் வடசென்னை உறுப்பினர் கலாநிதி வீராசாமியும் ஒருவர். திருவள்ளூர் உறுப்பினர் கே. ஜெயக்குமாரும் ஒருவர். எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரை முதல் தொகுதியில் இருக்கிறது, வடகரை இரண்டாவது தொகுதியில். எண்ணெய் அள்ளும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஆற்றின் இரண்டு கரைக்கும் அவையில் ஆள் இல்லாமல் போனது. சஸ்பெண்ட் ஆனவர் அவைக்குள் நுழைய முடியாது, நோட்டீஸ் கொடுக்க முடியாது.

அவர்கள் உள்ளே இருந்திருந்தால் கிழித்திருப்பார்களா என்று நண்பர்கள் கேட்கலாம். அது வேறு விஷயம். ஒரு புகை அவைக்குள் வந்ததால் நாடே அதிர்ந்தது, எல்லாச் சேனல்களும் அதையே காட்டின. புகைக்குள்ளேயே பிறந்து வளர்கிற ஜனங்களின் பிரதிநிதிகள் அந்தப் புகையைப் பற்றிக் கேட்டதற்காக வெளியே போனார்கள். இரண்டு புகைகளில் எது தேசியச் செய்தி என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் அருகே ஒரு தனியார் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மணி இந்தத் தடவை உண்மையாகவே உரக்க அடித்தது. நாடாளுமன்றம் ஐந்து நாள் முன்னதாகவே முடிந்திருந்தது.

5

"அதான் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து எடுத்துக்கொண்டதே?" என்று கேட்பீர்கள். ஆம். பத்திரிகைச் செய்திகளை வைத்தே தென்மண்டல அமர்வு எண்ணெய் விவகாரத்தை விசாரணைக்கு எடுத்தது. அப்படித் தானாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கும் மும்பைக் குப்பை பற்றிய ஒரு செய்திக் கட்டுரையிலிருந்து பிறந்ததுதான். செய்திக்கு இவ்வளவு நேரடியான பலன் கிடைக்கிற இடம் இன்றைக்கு வேறு இல்லை எனலாம். தீர்ப்பாயம் விரட்டியதால்தான் அள்ளும் வேலை வேகம் பிடித்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதன் மறுபக்கத்தை நாம் பேசுவதில்லை. மக்களவை நடைமுறை விதிகளில் 41ஆவது விதி, எந்தக் கேள்வி அனுமதிக்கத் தகாதது என்று ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. நீதிமன்றத்தின் முன் உள்ள விஷயம், சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தின் முன் உள்ள விஷயம் சாதாரணமாகக் கேட்கப்படலாகாது என்பது அதில் அடக்கம். விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது போன்றவற்றைக் கேட்கச் சிறு சந்து உண்டு. அவ்வளவுதான். எனவே செய்தி போகிற பாதையைப் பாருங்கள். பேப்பரில் வருகிறது, தீர்ப்பாயம் எடுக்கிறது, தீர்ப்பாயம் எடுத்ததாலேயே, 'விஷயம் விசாரணையில் உள்ளது' என்று அமைச்சகம் வாய்மூட ஒரு சாக்குக் கிடைக்கிறது. அரசியல் கேள்வி வழக்காக உருமாறுகிறது. வழக்கில் மீனவர் மனுதாரர் ஆகிறார் அல்லது 'பாதிக்கப்பட்டவர்' ஆகிறார். வாக்களித்தவர் என்ற இடம் காலியாகிறது.

நாடாளுமன்றக் குழுக்கள் இருக்கின்றனவே? இருக்கின்றன. 1964இல் அமைந்த பொதுத்துறை நிறுவனங்கள் குழுதான் ரோந்து வகைக் கண்காணிப்புக்கு நம்மிடம் உள்ள முக்கியக் கருவி. 22 உறுப்பினர்கள், தணிக்கை அறிக்கைகள், நிறுவனத் தலைவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் உரிமை. ஆனால் மூன்று விஷயங்களை அது தொடக்கூடாது: அரசின் பெரிய கொள்கை முடிவுகள், நிறுவனத்தின் அன்றாட நிர்வாகம், தனிச் சட்டத்தின் மூலம் ஏற்பாடு செய்யப்பட்டுள்ள விஷயங்கள். மணலியை வைத்து இதை வாசியுங்கள். ஆலையை விரிவாக்குவதா என்பது கொள்கை. மழைக்கு முன் வடிகாலைச் சுத்தம் செய்தார்களா என்பது அன்றாட நிர்வாகம். எண்ணெய் ஆற்றில் கலந்தால் அது தனிச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. வாரியமோ மாநிலத்துடையது, அதன் கணக்கைச் சட்டமன்றம் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் லாப நஷ்டம் மட்டும் டெல்லியின் பார்வையில் மிஞ்சுகிறது.

ஆக, அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. ஆறு எங்கே என்றால், அதைப் பங்கு போட்டுவிட்டார்கள். எண்ணெய் பெட்ரோலிய அமைச்சகத்திடம், துறைமுகம் கப்பல் துறையிடம், சாம்பல் மாநில மின்துறையிடம், மாசு வாரியத்திடம், நிவாரணம் வருவாய்த் துறையிடம். அன்றைக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. மொத்தம் சுமார் 8.68 கோடி. குடும்பத்துக்கு எண் உண்டு, படகுக்கு எண் உண்டு. ஆறு எந்தக் கணக்கிலும் வரவில்லை. செய்தியும் இந்தப் பங்கீட்டை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பெட்ரோலிய அமைச்சகம் பார்க்கும் நிருபர் டெல்லியில். எண்ணூருக்கு வருகிறவர் நகரச் செய்திப் பக்கத்துக்காரர். அவர்கள் சந்திப்பதே இல்லை.

6

செய்திக்கும் அவைக்கும் இடையே உருப்படியான உறவு நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா கம்பெனிகளின் பங்குகளை வாங்கியது பற்றித் தேதி தேதியாகக் கேட்டார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர், 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவையில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்கு வழக்கு வராமல் காக்கும் 1956ஆம் வருஷச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இதே பெரோஸ் காந்திதான். நெருக்கடி நிலையில் முதலில் பறிக்கப்பட்டவற்றில் அந்தச் சட்டமும் ஒன்று. 1977இல் அது திரும்பி வந்தது.

இதில் நான் கவனிப்பது போக்குவரத்தின் திசை. செய்தி அவைக்குள் போவது ஒரு பாதி. அவையில் சொன்னது மறுபடி வெளியே வந்து, வாசிக்கப்பட்டு, அடுத்த கேள்வியாக உள்ளே போவது மறுபாதி. முந்த்ரா விவகாரத்தில் இரண்டும் நடந்தன. எண்ணூரில் முதல் பாதி எப்போதாவது நடக்கிறது. இரண்டாவது பாதி அனேகமாக நடப்பதே இல்லை. அமைச்சர் பதில் சொன்னார் என்பதோடு செய்தி முடிகிறது. பதில் பொய்யா மெய்யா என்று ஆற்றில் போய்ப் பார்ப்பது 'பழைய செய்தி' ஆகிவிடுகிறது. முந்த்ராவில் பணம், கோப்பு, கையெழுத்து இருந்தன. எண்ணூரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எண்ணூரிலும் கோப்பு இருக்கிறது. இயக்க அனுமதி, ஆய்வு அறிக்கை, அமைச்சரின் பதில். நாம்தான் அவற்றைப் படிப்பதில்லை. நமக்கும் வாளிப் படம்தான் பிடிக்கிறது.

ஆகவே என் யோசனை சாதாரணமானது. அமைச்சர் 'தகவல் திரட்டப்படுகிறது' என்று சொன்னால் அது அவைக் கணக்கில் ஒரு உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும்; அதைத் துரத்தவே அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. நம் பத்திரிகைகள், சிறுபத்திரிகைகள் உட்பட, அந்த மூன்றாவது மாத முடிவில் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். பதிலின் தமிழ் வடிவம் இடது பக்கம், அன்றைய ஆற்றின் நிலை வலது பக்கம். கூட்டத்தொடர் தொடங்கப் பதினைந்து நாள் இருக்கும்போது எழுதுங்கள். விபத்து நடந்த அன்று எல்லோரும் எழுதுவார்கள். தொகுதி உறுப்பினரிடம் மனு கொடுக்காதீர்கள், கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். அதில் 'செய்தி அரசின் கவனத்துக்கு வந்ததா' என்ற வரி வேண்டாம். எந்தத் தேதியில், எந்த வடிகாலில், எந்த அதிகாரி பார்த்தார் என்று கேளுங்கள்.

இதெல்லாம் சீர்திருத்தவாதம், நாடாளுமன்ற மாயையில் விழுவது என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தீர்ப்பாயத்தை நம்புவதும் கேமராவை நம்புவதும் எந்தப் புரட்சியில் சேர்த்தி என்று அவர்கள்தான் எழுத வேண்டும். அந்தக் குப்பத்துக்கு அடுத்த முறை போகும்போது நான் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போகப்போகிறேன். அதில் ஆறு எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவிடமே முதலில் காட்டிவிட்டுத்தான் டெல்லிக்கு அனுப்புவதாக உத்தேசம்.